டவர் எங்கே நடுவது? ரேடியோ மொபைல் மென்பொருளோடு ஆறு மாதம்

சமுதாய வானொலி தொடங்கப் போகிறவர்கள், ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி) நண்பர்கள், கிராமத்தில் வயர்லெஸ் லிங்க் போட நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிரான்ஸ்மிட்டர் டவருக்கு இடம் பார்க்க ரேடியோ மொபைல் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஆறு மாதமாக அதை வைத்து கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் அறக்கட்டளையின் வானொலிக்கு இடம் தேடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்து வைத்தேன் என்பதும், மீதி நான்கை ஏன் தாராளமாகக் கொடுக்கிறேன் என்பதும் கொஞ்சம் நீளமான கதை.

இந்த மென்பொருளை உருவாக்கியவர் ரோஜர் கூடே, கனடாவைச் சேர்ந்த ஹாம். 1988-இலிருந்து வளர்ந்து வந்த ஒன்று. அமெச்சூர் வானொலிக்கும் மனிதாபிமானப் பணிகளுக்கும் என்றே அர்ப்பணித்திருக்கிறார், காசு கிடையாது. செய்கிற வேலை இதுதான்: நிலத்தின் மேடு பள்ளங்களைப் படித்து, இந்த இடத்தில் இவ்வளவு உயரத்தில் ஆண்டெனா வைத்து இவ்வளவு சக்தியில் ஒலிபரப்பினால் எந்த ஊரில் எவ்வளவு சிக்னல் கிடைக்கும் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டும். கணக்குக்கு அடிப்படை லாங்லி-ரைஸ் என்ற அலைப் பரவல் கணிப்பு முறை, 1968-இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் அனிதா லாங்லியும் பில் ரைஸும் வெளியிட்டது. 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 கிகாஹெர்ட்ஸ் வரை பொருந்தும், அதனால் எஃப்.எம்.முக்குத் தாராளமாகப் போதும்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், முதலில் ஒரு நிறுவனத்தைக் கேட்டோம். பெயர் வேண்டாம். அவர்கள் இடத்துக்கு வரவே இல்லை, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட்டு மலைச்சரிவில் இருக்கிற எஸ்டேட்தான் சிறந்த இடம், உயரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பக்க அறிக்கை அனுப்பினார்கள். கையில் இருப்பது நன்கொடைப் பணம். ஒரு முறை கான்கிரீட் போட்டுவிட்டால் டவரைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. அதனால் நானே உட்கார்ந்து பார்க்க முடிவு செய்தேன். ஹாம் உரிமம் இருப்பதால் அலைகளைப் பற்றி அடிப்படை தெரியும், ஆனால் ஒரு ஊருக்கே ஒலிபரப்பத் திட்டமிடுவது வேறு வேலை.

மென்பொருளுக்குள் போவதற்கு முன் விதியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இடத் தேர்வு பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்தியாவில் சமுதாய வானொலிக்கு ஈ.ஆர்.பி., அதாவது ஆண்டெனாவிலிருந்து வெளியே போகிற பயனுறு சக்தி, பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. உண்மையான தேவை இருக்கிறது என்று நிரூபித்தால் 250 வாட் வரை பரிசீலிப்பார்கள். ஆண்டெனா நில மட்டத்திலிருந்து 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, 30 மீட்டரைத் தாண்டவும் கூடாது. தொண்டு நிறுவனம் என்றால் டிரான்ஸ்மிட்டர் அந்தச் சமுதாயம் வாழும் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது "நில மட்டத்திலிருந்து" என்ற சொல். மாடியில் நட்டால் கட்டடத்தின் உயரமும் அந்த 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு கரட்டின் மேல் நட்டால் கரட்டின் உயரம் கணக்கில் வராது, அது உங்களுக்கு இலவசம். எங்கள் தேடலே இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நடந்தது.

சரி, மென்பொருள். நிறுவுவதே ஒரு நாள் வேலை. விஷுவல் பேசிக் 6 காலத்தில் எழுதப்பட்டது, அதற்குரிய துணைக் கோப்புகள் வேண்டும், கோப்புறைகளை அவர்கள் சொன்ன இடத்தில் சொன்ன பெயரில் வைக்க வேண்டும். விண்டோஸில்தான் ஓடும், லினக்ஸ்காரர்கள் வைன் என்ற துணை நிரல் வழியாக ஓட்டலாம். திரையில் எந்த அலங்காரமும் இல்லை, நிறைய சின்னப் பெட்டிகள், அவற்றுக்குள் எண்கள். முதல் வாரம் நான் தவறான இடத்தில் எண்களைப் போட்டுவிட்டு வந்த படத்தை நம்பிக்கொண்டிருந்தேன். நான் பிடித்து வைத்த மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

நிலத்தின் உயரத் தரவு எஸ்.ஆர்.டி.எம்., 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் அளந்தது. ஒரு டிகிரிக்கு ஒரு கட்டம் என்று கோப்புகள் கிடைக்கின்றன. கம்பம், உத்தமபாளையம் எல்லாம் வடக்கு 9, கிழக்கு 77 கட்டத்தில் வரும், கொடைக்கானலுக்கு வடக்கு 10, கிழக்கு 77. இதில் 90 மீட்டர் இடைவெளித் தரவும் உண்டு, 30 மீட்டர் இடைவெளித் தரவும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற கரடுகளுக்கு 30 மீட்டர் தரவைத்தான் எடுக்க வேண்டும். கரடு என்பது சின்னப் பாறைக்குன்று, உச்சி கூர்மையாக இருக்கும். 90 மீட்டர் கட்டத்தில் அந்த உச்சியும் பக்கத்துச் சரிவும் கலந்து சராசரியாகி, குன்றே மொட்டையாகிவிடுகிறது. நான் முதலில் 90 மீட்டர் தரவை வைத்துப் பார்த்தபோது எங்கள் கரடு உண்மையைவிட 14 மீட்டர் குட்டையாக இருந்தது. சர்வே ஆஃப் இந்தியா நிலவரைபடத்தோடும் ஜி.பி.எஸ்.ஸோடும் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. 30 மீட்டர் டவர் நடப் போகிற இடத்தில் 14 மீட்டர் தப்பு என்றால் பாதி டவரே காணாமல் போன மாதிரி.

இந்த ரேடார் மரங்களுக்குள் முழுவதுமாக ஊடுருவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடர்ந்த தென்னந்தோப்பு இருக்கிற இடத்தில் தரவு காட்டும் உயரம் தரைக்கும் ஓலைக்கும் நடுவில் எங்கோ இருக்கும். முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் எங்கள் பள்ளத்தாக்கில் தோப்புகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் கிராமங்கள் சில மீட்டர் மேட்டில் இருப்பது போலவும், சுற்றி லேசான திட்டுகள் இருப்பது போலவும் தெரிந்தன. மென்பொருளில் காடு, கட்டடம் போன்ற நிலப்போர்வைக்கு என்று தனி வசதி இருக்கிறது. ஆனால் அதற்கான அளவுகளை உள்ளூருக்கு ஏற்றபடி நாம்தான் திருத்த வேண்டும்.

எண்கள் போடும் இடத்தில் மூன்று தவறுகளை நான் செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். ஒன்று, ஆண்டெனா விற்பவர் பட்டியலில் ஆதாயத்தை, அதாவது ஆண்டெனா சக்தியை ஒரு பக்கம் குவிக்கும் அளவை, இருமுனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்வார், மென்பொருள் எல்லாத் திசையும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டுக் கேட்கும். இரண்டுக்கும் 2.15 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) வித்தியாசம், சக்தியில் ஒன்றரை மடங்குக்கும் மேல். அடுத்தது தட்பவெப்பம். அதில் ஏழு வகை உண்டு, மென்பொருள் தானாக வைத்திருப்பது மிதவெப்ப நாட்டுக்கானது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு இதனால் பெரிய மாற்றம் வராது, தொலைதூரத்துக்கு வரும், எப்படியும் சரியாகப் போட்டுவிடுவது நல்லது. மூன்றாவதுதான் ஆபத்தானது: கேட்பவரின் ஆண்டெனா உயரம். எஃப்.எம். ஒலிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை, கிராமப்புறத்தில் மோனோவுக்கு 48, ஸ்டீரியோவுக்கு 54 டெசிபல் மைக்ரோவோல்ட்/மீட்டர் புலவலிமை (அந்த இடத்தில் அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற அளவு) வேண்டும் என்கிறது. ஆனால் அந்த அளவு தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். அந்தக் காலத்தில் கூரை மேல் ஆண்டெனா இருந்தது. இன்று எங்கள் ஊரில் ரேடியோ கேட்பது களை எடுக்கிற இடத்தில் வரப்பில் வைத்த சின்னப் பெட்டியிலும் செல்போனிலும். 10 மீட்டரை 1.5 மீட்டராக மாற்றினால் சமதரையில் 16 டெசிபல் கிட்டக் குறைந்துவிடும். எனக்கு முதல் படத்தில் பச்சையாக இருந்த பாதி ஊர்கள் மாற்றிய பிறகு மங்கிவிட்டன. வருத்தமாக இருந்தாலும் அதுதான் உண்மைப் படம்.

அடுத்து, இந்த மென்பொருள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க வேண்டியிருந்தது. உரிமம் வராமல் எஃப்.எம். அலைவரிசையில் ஒரு வாட்கூட ஒலிபரப்பக் கூடாது, அதனால் சோதனை டிரான்ஸ்மிட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எங்கள் தலைக்கு மேல் ஏற்கெனவே ஒரு நிலையம் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. கொடை எஃப்.எம்., 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட், அகில இந்திய வானொலியுடையது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். வானொலித் தொடுவானத்துக்கு, அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை போகும் தூரத்துக்கு, ஒரு எளிய கணக்கு உண்டு: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். 2,000 மீட்டருக்கு 184 கிலோமீட்டர். தென் தமிழ்நாட்டில் அந்த நிலையத்தை அத்தனை ஊர்களில் கேட்க முடிவதற்கு இதுதான் காரணம், மலையே டவராக நிற்கிறது. ராமேஸ்வரத்தில் மலை இல்லை, தீவு முழுக்கத் தட்டை, அதனால்தான் அங்கே தொலைக்காட்சிக்கு 323 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் கோபுரமே எழுப்ப வேண்டியிருந்தது, அத்தனை உயரத்துக்கும் தொடுவானம் 74 கிலோமீட்டர்தான்.

அதனால் கொடை எஃப்.எம்.மின் டவரை மென்பொருளில் வைத்து, எங்கள் பள்ளத்தாக்கில் எங்கெல்லாம் மலை மறைவு விழும் என்று படம் போட்டேன். அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ரிசீவர் ஒன்று, மடிக்கணினி, ஒன்றரை மீட்டர் குச்சியில் கட்டிய ஆண்டெனா, டி.வி.எஸ். வண்டி, அறக்கட்டளையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், இவ்வளவுதான் எங்கள் அளவைக் குழு. அந்த ரிசீவர் சரியான புலவலிமையைச் சொல்லாது, ஆனால் ஒரு திறந்த வெளியை அடிப்படையாக வைத்து, அங்கிருந்து மற்ற இடங்கள் எத்தனை டெசிபல் கூட, எத்தனை குறைவு என்று ஒப்பிடலாம். வயல்வெளியிலும் சாலையோரத்திலும் மென்பொருள் சொன்னதற்கும் நாங்கள் அளந்ததற்கும் ஐந்தாறு டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இல்லை. மலை மறைவு என்று அது கறுப்பாகக் காட்டிய இடங்களுக்குப் போனபோது, வண்டியை நிறுத்தின கணமே ரேடியோவில் கரகரப்பு. நேரில் பார்க்காத நிலத்தைப் பற்றி எழுபது எண்பது கிலோமீட்டர் படத்தில் ஒரு மென்பொருள் இவ்வளவு சரியாகச் சொன்னதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. தென்னந்தோப்புக்குள்ளும் நெருக்கமான தெருக்களிலும் மட்டும் நிஜம் பத்து டெசிபல் வரை குறைவாக இருந்தது. அன்றிலிருந்து தோப்பு ஊர்களுக்கு எல்லாம் 10 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் படத்தைப் படிக்கிறேன்.

இப்போது எங்கள் இடங்கள். கையில் இருந்தது மூன்று.

எஸ்டேட் சரிவு, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர், பள்ளத்தாக்குத் தரையிலிருந்து 500 மீட்டர் உயரம். அந்த நிறுவனம் சொன்ன இடம். படத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டியும் அழகான பச்சை. எங்கள் அறங்காவலர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டார். ஆனால் கிட்டே பெரிதாக்கிப் பார்த்தால், சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்குள் ஒரு மலைத்தொடர் கால் நீட்டி இறங்குகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற மூன்று குடியிருப்புகள் முழு மறைவில். நாங்கள் யாருக்காக வானொலி தொடங்குகிறோமோ அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தூரத்துப் பச்சை எல்லாம் எங்களுக்குத் தொடர்பே இல்லாத ஊர்கள். ஆண்டெனா வேறு பிரச்சினை. அந்த உயரத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ஊர் கிட்டத்தட்ட ஒன்பதரை டிகிரி கீழே இருக்கிறது. அறிக்கையில் சொல்லப்பட்டிருந்த நான்கு அடுக்கு ஆண்டெனா சக்தியைத் தட்டையாக அடிவானத்தை நோக்கி அனுப்பும், அந்தக் கோணத்தில் 7 டெசிபல் குறைந்துவிடும். கீழே இருக்கும் ஊரின் தலைக்கு மேல் சிக்னல் போய்விடும். இதை மென்பொருள் காட்டும், ஆனால் ஆண்டெனாவின் செங்குத்து வடிவத்தை நாம்தான் கோப்பாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் எல்லாமே பச்சையாகத்தான் வரும். இவை போக, வனத்துறை எல்லை, மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியல், ஆடிக் காற்றில் மரம் விழுந்து நாள்கணக்கில் நிற்கும் கரண்ட். இந்த இடத்தைக் கைவிட எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அறங்காவலரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு மாதம் ஆனது.

ஊருக்குள் இருக்கும் எங்கள் சொந்தக் கட்டடத்தின் மாடி இரண்டாவது. செலவு குறைவு, ஸ்டுடியோவும் அங்கேயே. ஆனால் மொத்தம் 30 மீட்டர்தான். இங்கே மென்பொருள் எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயம் ஃபிரெனல் மண்டலம். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி கோட்டில் போவதில்லை, நடுவில் பருத்த ஒரு கூடு மாதிரி இடத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிங்க்குக்குப் பத்துக் கிலோமீட்டரின் நடுவில் அந்தக் கூட்டின் ஆரம் 11 மீட்டர் சொச்சம். எஃப்.எம்.மின் 90 மெகாஹெர்ட்ஸுக்கு 91 மீட்டர். 30 மீட்டர் டவர் வைத்து இதைத் தரையில் உரசாமல் காப்பாற்ற முடியவே முடியாது. கண்ணுக்கு டவர் தெரிகிறது, அப்புறம் ஏன் ரேடியோ எடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு பதில் இங்கே இருக்கிறது.

மூன்றாவது, ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் கரடு. சுற்று நிலத்திலிருந்து அறுபத்தைந்து மீட்டர். உச்சியில் சின்ன முருகன் கோவில், படிக்கட்டு, கோவிலுக்குப் போகிற மின்கம்பி. படத்தில் எங்கள் பன்னிரண்டு கிராமங்களில் பதினொன்று நன்றாக வந்தன. ஆனால் உச்சி கோவிலுடையது. கோபுரத்தைவிட உயரமாக இரும்பு நிற்பதை ஊர் ஏற்கவில்லை, அந்த உணர்வில் தவறு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. அதனால் கிழக்குத் தோளில் ஒருவருடைய பட்டா மாந்தோப்பைப் பார்த்தோம். அவர் இடம் தருவதாகச் சொன்னார், வண்டி போகிற பாதையும் இருந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

வண்ணப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊர்க்கூட்டத்தில் சுவரில் மாட்டினோம். மென்பொருள் தருகிற படத்தின் மேல் சாலைகளையும் ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ள முடியும், இந்த வசதிக்காகவே தனியாகப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் அவரவர் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏப்பா, எங்க காலனி மட்டும் ஏன் வெள்ளையாக் கெடக்கு?" என்று கேட்டார். வெள்ளை என்றால் சிக்னல் 48-க்குக் கீழே. கரட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர், அந்த மலைக்காலுக்குப் பின்னால் இடுக்கில் இருக்கிற காலனி. நான் பன்னிரண்டில் பதினொன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் பன்னிரண்டாவது அதுதான். அங்கே பஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை, செல்போன் சிக்னல் ஒரு மூலையில் நின்றால்தான் வரும். அவர்களுக்குத்தான் வானொலி முதலில் போய்ச் சேர வேண்டும்.

அன்று இரவே மறுபடி உட்கார்ந்தேன். டவர்ப் புள்ளியிலிருந்து காலனிக்குக் கோடு இழுத்தால் நடுவில் இருக்கும் நிலத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி காட்டும் வசதி இருக்கிறது, மலைக்கால் எங்கே தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்று அப்பட்டமாகத் தெரியும். மாடியிலிருந்து காலனிக்கு 31. மாந்தோப்புத் தோளிலிருந்து 47. உச்சியிலிருந்து 52. எண்ணில் பார்த்தால் 47-க்கும் 48-க்கும் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் அந்தக் காலனியைச் சுற்றித் தோப்பு இருக்கிறது, பத்தைக் கழித்தால் 37. சின்ன ரேடியோவில் கரகரப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு டெசிபலும் அங்கே முக்கியம். கரட்டின் மேல் இருபது மீட்டருக்கு ஒரு புள்ளியாக வைத்து நாற்பது இடங்களில் ஓட்டிப் பார்த்தேன். கோவிலுக்குத் தெற்கே, 25 மீட்டர் கீழே, படிக்கட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பாறை விளிம்பு இருக்கிறது. அங்கிருந்து 50. டவரின் தலை கோபுரக் கலசத்துக்குச் சற்று மேலே வரும், ஆனால் பின்பக்கம்.

கோவில் கமிட்டியிடம் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு போனோம், தோளில் நட்டால் ஒன்று, விளிம்பில் நட்டால் ஒன்று. பேச்சு இரண்டு மணி நேரம் நடந்தது. பாட்டியும் வந்திருந்தார். கடைசியில் அந்த விளிம்பைத் தர ஒத்துக்கொண்டார்கள், விடியற்காலையில் முதல் நிகழ்ச்சியாகத் திருப்புகழ் போட வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு.

மென்பொருள் சொல்லாதவற்றையும் எழுதிவிடுகிறேன், படம் பச்சையாக வந்துவிட்டது என்று யாரும் உடனே கடப்பாரையை எடுத்துவிடக் கூடாது. காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. எங்கள் பக்கம் குறைவுதான், ஆனால் குன்றின் மேல் காற்று முடுக்கிக்கொள்ளும், அதே தரநிலை இதற்காக வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டச் சொல்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இரும்பு பேசுகிற விஷயம் இது, கட்டுமானப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் நகரக் கூடாது. இடி இன்னொன்று. கரடு முழுக்கப் பாறை, எர்த் எடுக்க மண்ணே இல்லை. கடைசியில் பாறையோடு பட்டைக் கம்பி இறக்கி, அடிவாரத்தில் கண்மாய்க் கரை ஈர மண்ணில் கொண்டுபோய்ப் புதைக்க முடிவு செய்திருக்கிறோம். கேபிளையும் பார்க்க வேண்டும்: அரை அங்குல ஃபோம் கேபிள் என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 2 டெசிபலுக்குச் சற்று மேல்தான் இழப்பு, மெலிந்த கேபிளில் அது மூன்று மடங்காகும். டிரான்ஸ்மிட்டரைக் கீழே வைத்துக் கேபிளை நீட்டாமல், விளிம்பிலேயே சின்ன அறை கட்டி வைக்கிறோம். ஸ்டுடியோவிலிருந்து அங்கே ஒன்றரை கிலோமீட்டர் நேர்க்கோடு, அந்த லிங்க்கையும் இதே மென்பொருளில்தான் பார்த்தேன்.

அனுமதிகள் தனி உலகம். அலைவரிசை ஒதுக்கீடும், டவர் இடத்துக்கு சாக்ஃபா (மத்திய அரசின் வானொலி அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழு) அனுமதியும் வேண்டும், விமான நிலையச் சுற்றெல்லைக்குள் என்றால் விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அந்த விண்ணப்பங்களில் கேட்கிற ஆயங்களும் (அட்சரேகை, தீர்க்கரேகை) கடல் மட்ட உயரமும் உங்கள் மென்பொருள் புள்ளியோடு ஒன்றாக இருக்க வேண்டும். நாங்கள் தோளுக்காக எழுதி வைத்திருந்த எண்களை விளிம்புக்கு மாற்ற மறந்து ஒரு தாளில் அப்படியே விட்டிருந்தோம், நல்ல வேளையாக அனுப்புவதற்கு முதல் நாள் தம்பி கண்டுபிடித்தார்.

மாற்று உண்டா என்றால், லினக்ஸில் கட்டளை வரியில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு ஸ்பிளாட் என்ற திறமூல நிரல் இருக்கிறது, அதுவும் லாங்லி-ரைஸ்தான். கட்டணத்துக்கு இணையச் சேவைகளும் இருக்கின்றன, படம் இதைவிட அழகாக வரும். ஆனால் நாற்பது புள்ளிகளை ஒரே இரவில், ஒரு பைசா கணக்குப் பார்க்காமல் ஓட்டிப் பார்க்க முடிந்தது ரேடியோ மொபைலில்தான். அந்த மதிப்பெண்ணின் மீதிப் பாதியைப் பிடித்து வைத்தது, தமிழில் ஒரு வழிகாட்டிகூட இல்லை என்பதற்காக. அதை மென்பொருள் எழுதியவர் மேல் போட முடியாது என்று தெரியும். நான் எடுத்து வைத்திருக்கும் குறிப்புகளை ஒழுங்குபடுத்தித் தமிழில் படங்களோடு எழுதிக்கொண்டிருக்கிறேன், கிராமத்து வானொலிக்கு இடம் பார்க்கிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

இப்போதைக்கு விளிம்பில் நான்கு மூலைக்கும் சுண்ணாம்பு போட்டுக் குறித்திருக்கிறோம். சாக்ஃபா தாள் வந்ததும் பாறையில் துளை போடும் வேலை. ஆண்டெனா இரண்டு அடுக்குதான், அந்தக் கோணங்களுக்கு அது போதும். ஒலிபரப்பு தொடங்கும் நாளில் நான் ஸ்டுடியோவில் இருக்க மாட்டேன், ரிசீவரையும் ஒன்றரை மீட்டர் குச்சியையும் எடுத்துக்கொண்டு அந்தக் காலனியில் பாட்டி வீட்டுத் திண்ணையில் இருப்பேன். 50 வருகிறதா, தோப்பு எவ்வளவு தின்கிறது என்று அளந்துவிட்டு இதே இடத்தில் எண்ணைச் சேர்க்கிறேன்.